நான் மாற்றிக் கொடுத்த சிவ குடும்பம்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எழுதுவது என் வேலை இல்லை. பத்தாவது வரை படித்தேன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் கடை பில் மட்டும்தான். உங்களுக்குப் பாடம் சொல்லும் தகுதி எனக்கு உண்டா என்று இப்போதும் தெரியவில்லை. சின்ன முதலாளி போன மாதம் எங்கள் வீட்டுக்கு வந்து, "சாமிப் பிரிவுக்குப் புதுசா அஞ்சு பேரச் சேத்திருக்கோமுங்க. நீங்க வந்து நாலு வார்த்த பேசுங்க" என்றார். நாலு பேர் சேர்ந்து நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்பது அவருக்குத் தெரியும். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டு, "சரி, எழுதிக் குடுங்க, படிச்சுக்கறாங்க" என்று ஒரு நோட்டை வைத்துவிட்டுப் போனார். அதனால் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எடை போடுவது, புளி போட்டுத் துலக்குவது, வைக்கோல் சுற்றி மூட்டை கட்டுவது எல்லாம் ஒரு வாரத்தில் கை பழகிவிடும். அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. ஒரே ஒரு நாள் நடந்ததை எழுதுகிறேன். அன்று நான் செய்தது தவறு. அதே நாள் நான் செய்த இன்னொரு காரியத்துக்காக இன்றைக்கும் பெருமைப்படுகிறேன். இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் இந்தப் பாத்திரக்கடையில் சேர்ந்தேன். தருமபுரியில் அப்போது கடை ஒரே கட்டு. முன்னால் எவர்சில்வர், நடுவில் பித்தளை, பின்னால் சாமி சிலைகள். முதலில் என்னைக் கரண்டி, டம்ளர் பக்கம்தான் நிறுத்தினார்கள். கடையில் இருந்த மற்றப் பெண்கள் மாதத்தில் சில நாள் சாமி பக்கம் வரமாட்டார்கள். நாங்கள் கிறிஸ்தவர்கள். அதனால் எனக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது என்று நினைத்து, பெரிய முதலாளி என்னைச் சாமிப் பிரிவுக்கு மாற்றினார். எனக்குக் கட்டு இல்லைதான். ஆனால் வாங்கிக்கொண்டு போகிறவர்களுக்கு உண்டே. அந்த நாள்களில் நானாகவே போய்க் கரண்டிப் பக்கம் நின்றுகொள்வேன். முதலாளி இரண்டு மாதம் பார்த்தார். மூன்றாவது மாதம், "உன்னை மாத்துனதுக்கு என்னாதான் பிரயோசனம்?" என்று சிரித்துவிட்டு அப்படியே விட்டுவிட்டார். கடை மாறி, மாடி வந்து, லிஃப்ட் வந்து, கால் நரம்பு சுருட்டிக்கொண்டு நான் வேலையிலிருந்து நின்றுவிடும்வரை முப்பத்து மூன்று வருடம் அந்தப் பிரிவில்தான் இருந்தேன்.

எனக்குச் சாமிகளைப் பற்றிச் சொல்லிக் கொடுத்தவர்கள் யாரும் கடையில் இல்லை. வாங்க வந்தவர்கள்தான் சொன்னார்கள். நான் அதிகம் பேசாததால் அவர்கள் பேசினார்கள். சிலைக்கு முன்னால் நின்றால் ஜனங்கள் தங்கள் வீட்டைப் பற்றித்தான் பேசுவார்கள், இதை நீங்களே பார்ப்பீர்கள். ஒரு பஸ் டிரைவர் சின்னதாக ஒரு சிவ குடும்பம் வாங்கினார். அடியில் இருக்கும் மிருகங்களை விரலால் தொட்டுக் காட்டினார். "இது மாடு, இது சிங்கம். சிங்கம் மாட்ட உடுமா? இது மயிலு, சாமி கழுத்துல பாம்பு. மயிலு பாம்ப உடுமா? பாம்பு இந்த எலிய உடுமா? ஆனா ஒரே வூட்டுல இருக்குதுங்க. எங்க வூட்டுலயும் அப்பன், தம்பிங்க, அவனுங்க பொண்டாட்டிங்கன்னு பதினோரு பேரு இப்படித்தான் கெடக்கறோம். அதான் இது வேணும்" என்றார். எங்கள் வீட்டில் மாடத்தில் சூசையப்பர், மாதா, பாலன் மூன்று பேரும் நிற்கும் திருக்குடும்பம் இருக்கிறது. அன்று ராத்திரி ஜெபத்தில் அதைப் பார்த்தபோது, குடும்பமாக இருக்கிற சாமியை மனிதர்கள் ஏன் தேடுகிறார்கள் என்பது எனக்குப் புரிந்தது மாதிரி இருந்தது.

புரிந்தது என்று நினைத்துக்கொண்டதுதான் ஆபத்து.

நான் சேர்ந்த மூன்றாம் வருடம். அதியமான்கோட்டையிலிருந்து ஒரு விவசாயி மகளின் கல்யாணச் சீருக்குப் பாத்திரம் எடுக்க வந்தார். மகளையும் அழைத்து வந்திருந்தார். அண்டா, குடம், குத்துவிளக்கு எல்லாம் சீக்கிரம் எடுத்து முடித்துவிட்டார்கள். சாமிச் சிலைக்கு மட்டும் ஒரு மணி நேரம் ஆனது. கடைசியில் அந்தப் பெண் ஒரு சிவ குடும்பத்தைக் காட்டினாள். ஒரு சாண் உயரம், ஒரே பீடம். சிவனும் அம்மனும் உட்கார்ந்திருப்பார்கள். சிவன் பக்கம் பிள்ளையார். அம்மன் மடியில் குழந்தை முருகன், கையில் சின்ன வேல். அந்தப் பெண் குழந்தையின் தலையை மட்டும் தொட்டுப் பார்த்தாள். அப்பா, "இதையே எடுத்து வையிம்மா. கல்யாணத்துக்கு மொத நாளு வந்து எல்லாத்தையும் ஏத்திக்கறோம்" என்றார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் வியாழக்கிழமை. காலையில் அந்தச் சிலையைக் கடைசியாக ஒருமுறை துலக்கினேன். குழந்தையின் வலது மணிக்கட்டில் ஒரு கோடு தெரிந்தது. அழுக்கு என்று நினைத்துக் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தேன். வேலோடு கை கழன்று என் உள்ளங்கையில் விழுந்தது. வார்ப்பிலேயே இருந்த குறை அது. பின்னமான சிலையை யாரும் பூஜையில் வைக்கமாட்டார்கள். சீரில் கொடுப்பதை நினைத்தே பார்க்க முடியாது.

அதே அளவில் வேறு சிவ குடும்பம் கடையில் இல்லை. சாண் உயரத்தில் இருந்தது ஒன்றே ஒன்று. யாரோ சொல்லி வரவழைத்து, எடுக்க வராமல் போனது. அதில் சிவன், அம்மன், பிள்ளையார் அப்படியே இருந்தார்கள். முருகன் மட்டும் மடியில் இல்லை. வளர்ந்தவராக அம்மன் பக்கம் நின்றார். அவருக்கு இரண்டு பக்கமும் வள்ளியும் தெய்வானையும். எடையும் கூடுதல், வேலையும் நேர்த்தி. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? எங்கள் வீட்டுத் திருக்குடும்பத்தில் மூன்று பேர்தான். இதில் ஆள் கூடக் கூட மங்களமும் கூடும் என்று நினைத்தேன். முதலாளியிடம் கேட்டேன். அவர் போனில் பேசிக்கொண்டே, "பெருசாத்தானே குடுக்கறோம், வெய்யி" என்றார். வைக்கோல் சுற்றி, மஞ்சள் துணி போட்டுக் கட்டிவிட்டேன்.

பதினோரு மணிக்கு வேன் வந்தது. பெண்ணின் அப்பா வரவில்லை. அவர் தம்பி மகன்கள் இரண்டு பேர் வந்தார்கள். வாட்டசாட்டமான ஆள்கள். மூட்டைகளை எண்ணி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். "சிலை மாறியிருக்கு, அப்பாகிட்டச் சொல்லிடுங்க" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு தடவை சொல்ல வாயெடுத்தேன். அவர்கள் ஏதோ கேலி பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. சொல்லாமல் விட்டுவிட்டேன். சிலை மாறியதைவிட இதுதான் பெரிய தவறு. ஒரு பொருளை மாற்றினால் வாங்கியவரிடம் சொல்லாமல் அனுப்பாதீர்கள். வெட்கம் அதற்குச் சாக்கு இல்லை.

மூன்றரை மணிக்கு அதே வேன் திரும்பி வந்து கடை வாசலில் நின்றது. பெண்ணின் அப்பா இறங்கினார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"யாரும்மா அந்தச் சாமிய மாத்தி வெச்சது?"

"நான்தானுங்க."

"நீயா? உனக்கு நான் என்ன பாவம்மா பண்ணேன்?"

முதலாளி ஓடி வந்தார். பெண்ணின் அப்பா பெஞ்சில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார். மாப்பிள்ளை வீடு கம்பைநல்லூர். மாப்பிள்ளையின் அப்பா புளி மண்டி வைத்திருக்கிறார். அவருக்கு வீட்டில் ஒரு மனைவி. அரூரில் இன்னொரு வீடும் உண்டு, அங்கேயும் ஒரு மனைவி. ஊருக்கே தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. இரண்டாவது அம்மா கல்யாணத்துக்கு வரவில்லை. மண்டபத்தில் சீரைப் பரப்பி, நடுவில் சாமியை வைத்து, எல்லோரும் பார்க்கும்படி மஞ்சள் துணியை எடுத்திருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பங்காளி ஒருவர் வெற்றிலையை மென்றுகொண்டே, "சம்பந்தி வெவரமான ஆளுதான். நம்ம மண்டிக்காரர அச்சு அசலா வாத்துக் கொண்டாந்துட்டாரு பாரு. ரெண்டு பக்கமும் ஒண்ணொண்ணு!" என்றிருக்கிறார். கூட்டம் சிரித்துவிட்டது.

"மண்டிக்காரரு எந்திரிச்சிட்டாரு. 'என்னைய அவமானப்படுத்தத்தான் பாத்துப் பாத்து வாங்கினியா? எடுய்யா உன் சீர'ங்கறாரு. நான் வாங்கினது இது இல்லைங்கறேன், யாரும் நம்பல. எம்பொண்ணு தலையில பாதிப் பூ வெச்சதோட ஒக்காந்திருக்குது. மீதிப் பூவ வெக்கறதா வேண்டாமான்னு பொம்பளைங்க கையில வெச்சிட்டு நிக்கறாங்க."

முதலாளி உடனே ஒரு வழி சொன்னார். "சின்னதா சிவ குடும்பம் ரெண்டு இருக்குதுங்க. ஒண்ண எடுத்துட்டுப் போங்க. அதத் திருப்பிக் கொண்டாந்துருங்க. கடையில மாறிப்போச்சுன்னு சொல்லிருங்க, தீந்துது."

பெண்ணின் அப்பாவும் எழுந்துவிட்டார். எனக்கு மட்டும் அது சரியாகப் படவில்லை. ஏன் என்று அப்போது தெளிவாகத் தெரியவில்லை, வாய் முந்திக்கொண்டது.

"திருப்பி எடுத்தாக்க, வேணும்னே வெச்சிட்டு மாட்டிக்கிட்டதால எடுக்கறாங்கன்னு ஆயிடுமுங்க. சாமிய வேற சீர்லருந்து எடுத்த மாதிரி ஆயிடும். நான் வந்து சொல்றேனுங்க."

முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ? உனக்குப் பேச வருமா?"

எனக்கும் அதே சந்தேகம்தான். ஆனாலும் கை கழன்ற சிலையைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு வேனில் ஏறினேன். அதுதான் சாட்சி. அதைக் காட்டினால் நம்புவார்கள்.

கம்பைநல்லூர் போகிறவரை சிலை என் மடியில் இருந்தது. சாக்கு வழியாக அம்மனின் தோள் என் கையில் குத்திக்கொண்டிருந்தது. நான் மாதாவை வேண்டிக்கொண்டேன். மடியில் சிவ குடும்பத்தை வைத்துக்கொண்டு மாதாவை வேண்டுவதில் எனக்கு ஒரு குழப்பமும் இல்லை. அந்தப் பெண் கடையில் ஏன் குழந்தையின் தலையைத் தொட்டாள் என்பது வழியில்தான் எனக்கு உறைத்தது. மடியில் குழந்தையோடு இருக்கும் குடும்பத்தை வாங்குகிறவர்கள் குழந்தையைக் கேட்கிறார்கள். அதே குழந்தை வளர்ந்து, கல்யாணமாகி, இரண்டு பேரோடு நின்றால் அது வேறு பேச்சு. சாமிகள் அதே சாமிகள்தான். வயது மாறினால் சொல்வது மாறிவிடுகிறது. நான் ஆளை எண்ணினேன். எடையைப் பார்த்தேன். வயதைப் பார்க்கவில்லை.

மண்டப வாசலில் குலை தள்ளிய வாழை கட்டியிருந்தார்கள். பெண்ணின் அப்பா இறங்கி, "வாம்மா சீக்கிரம்" என்று முன்னால் நடந்தார். நான் ஒரு காலைத் தரையில் வைத்தவள் அப்படியே நின்றேன்.

"என்னம்மா?"

"இது பின்னமானதுங்க. கல்யாணம் நடக்கிற எடத்துக்குள்ள எப்பிடிங்க கொண்டு போறது?"

அவர் தலையில் அடித்துக்கொண்டார். "அதக் காட்டத்தானேம்மா உன்னக் கூட்டியாந்தேன்!"

உள்ளே கொண்டுபோனால், ஏற்கெனவே கெட்டுப்போன விஷயம் அபசகுனமாகவும் ஆகிவிடும். கொண்டுபோகாவிட்டால் என்னிடம் வெறும் வார்த்தைதான் இருக்கிறது. எனக்கோ வார்த்தை வராது. என்ன செய்வது என்று நிற்கும்போதே மாப்பிள்ளையின் அப்பா வெளியே வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, தோளில் ஜரிகைத் துண்டு, காலில் செருப்பு. பின்னால் நாலைந்து பேர். போகிறேன் என்று கிளம்பிவிட்டார். அவருடைய அம்பாசிடர் எங்கள் வேனுக்குப் பக்கத்தில்தான் நின்றது.

நான் குறுக்கே போய் நின்றேன். என் வாழ்நாளில் ஓர் ஆண்பிள்ளையின் வழியை மறித்தது அந்த ஒரு தடவைதான்.

"ஐயா, ஒரு நிமிசமுங்க. நான் பாத்திரக்கடைங்க. அந்தச் சாமி..."

இங்கே நான் இரண்டாவது தவறைச் செய்தேன். உண்மையைச் சொல்வதற்கு முன்னால் தத்துவத்தைச் சொன்னேன். வாங்க வந்தவர்கள் சொல்லக் கேட்டதைப் படபடவென்று ஒப்பித்தேன். வள்ளி என்றால் இச்சா சக்தி, தெய்வானை என்றால் கிரியா சக்தி, கையில் இருக்கிற வேல் ஞான சக்தி, விருப்பமும் செயலும் அறிவும் ஒரே இடத்தில் இருப்பதுதான் அந்தக் கோலம், தப்பான அர்த்தம் எதுவும் இல்லை என்றேன்.

அவர் என்னை முழுதாகப் பேசவிட்டார். பிறகு பின்னால் நின்றவர்களைப் பார்த்தார். "கேட்டீங்களாடா? சாமி ரெண்டு கட்டினா தத்துவம். நான் ரெண்டு கட்டினா ஊரு சிரிக்குது." அவர்களில் ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு முகம் இன்னும் சிவந்தது. "தள்ளும்மா."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இத்தனை பேர் முன்னால் நான் எதைச் சொன்னாலும் அது இன்னொரு சிரிப்புக்குத்தான் ஆகும். தத்துவம் அவர் கேட்டது இல்லை. அவருக்கு வேண்டியது, தன்னை யாரும் குத்திக்காட்டவில்லை என்று தெரிவது.

"ஐயா, நீங்க மட்டும் இந்த வேன் பக்கம் வாங்க. ஒண்ணு காட்டணும். உள்ள கொண்டாரக் கூடாததுங்க."

கொண்டாரக் கூடாதது என்றதும் அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். மற்றவர்களைக் கையால் நிறுத்திவிட்டு வேனுக்குப் பின்பக்கம் வந்தார். நான் சாக்கைப் பிரித்துச் சிலையைக் காட்டினேன். தனியே காகிதத்தில் மடித்து வைத்திருந்த அந்தச் சின்னக் கையையும் வேலோடு பிரித்துக் காட்டினேன்.

"சம்பந்தி வாங்கினது இதுங்க. காத்தால தொலக்கையில கை வந்துருச்சு. வேற இல்லன்னு நான்தான் அத வெச்சுக் கட்டினேன். அவருக்குத் தெரியாது. சொல்ல எனக்குக் கூச்சமா இருந்துச்சு, சொல்லல. தப்பு என்னுதுங்க. உங்க வூட்டு விசயமும் அப்ப எனக்குத் தெரியாதுங்க."

அவர் அந்தச் சின்னக் கையை எடுத்து மணிக்கட்டில் பொருத்திப் பார்த்தார். சரியாகப் பொருந்தியது.

"பேரென்ன?"

"ஆரோக்கியமேரிங்க."

"வேதக்காரப் புள்ளையா நீ?" குரலில் கோபம் குறைந்திருந்தது. "வேதக்காரப் புள்ளைக்கு வள்ளி தெய்வானைக் கதையெல்லாம் யாரு சொன்னா?"

"வாங்க வர்றவங்க சொல்றதுதானுங்க."

அவர் நம்பிவிட்டார் என்று தெரிந்தது. ஆனால் நம்பிவிட்டாலும் அவரால் உள்ளே போக முடியவில்லை. சிரித்த கூட்டம் உள்ளேதான் இருக்கிறது. எல்லோரும் பார்க்க வெளியே வந்தவர் எந்த முகத்தோடு திரும்புவார்? சிலையைப் பிடித்தபடி நின்றார். நானும் நின்றேன்.

அப்போது மாப்பிள்ளையின் அம்மா வந்தார். பச்சைப் பட்டுப்புடவை, சின்ன உருவம். யாரும் கூப்பிடவில்லை, தானாக வந்தார். கணவரைப் பார்க்கவில்லை. நேராகச் சிலையைத்தான் பார்த்தார். "அடடா, புள்ளைக்குக் கை போச்சே" என்று குழந்தையின் தோளைத் தொட்டார். பிறகு என்னிடம் கேட்டார்.

"ஏம்மா, உள்ள வெச்சிருக்கற சாமியில அந்த ரெண்டு பேரு கையிலயும் பூ இருக்குதே. அது என்னாது?"

ஒன்று கேட்டால்தான் பதில் சொல்ல வேண்டும் என்பதை நான் அதற்குள் கற்றுக்கொண்டிருந்தேன். இவர் கேட்டார். அதனால் சொன்னேன்.

"வலப் பக்கம் வள்ளிங்க, கையில தாமரை. எடப் பக்கம் தெய்வானை, கையில நீலப் பூ, அல்லி மாதிரி. முருகனுக்கு வலக் கண்ணு சூரியன், எடக் கண்ணு சந்திரன்னு சொல்லுவாங்க. தாமரை வெய்யில் பட்டா விரியும். நீலப் பூவு நெலா பட்டா விரியும். ரெண்டு கண்ணும் பாத்துக்கிட்டே இருக்கறதால ரெண்டு பூவும் எப்பவும் வாடாதாமுங்க."

"மொதல்ல கட்டினவ யாரு?"

கேட்கிறவர் மூத்த மனைவி; வலப் பக்கமும் தாமரையும் இளையவளுக்கு என்று எப்படிச் சொல்வது? பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன்.

"தெய்வானைங்க."

"நெலாப் பூ அவளுக்கா?"

"ஆமாங்க."

"அதுவும் வாடாதா?"

"வாடாதுங்க. பாத்துக்கிட்டே இருக்காருங்களே."

அந்த அம்மா குழந்தையின் தோளிலிருந்து கையை எடுத்தார். பிறகு கணவர் பக்கம் திரும்பினார். "கேட்டுக்கோங்க. கண்ணு ரெண்டு எதுக்கு இருக்குதுன்னு கேட்டுக்கோங்க" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. வேனுக்குப் பின்னால் நின்ற எங்களுக்கு மட்டும் கேட்டது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பெரிய மனிதர் தலை குனிந்து நின்றதைப் பார்த்த ஒரே வெளி ஆள் நான்தான். இத்தனை வருடம் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது அவர்கள் இரண்டு பேரும் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

பெண்ணின் அப்பா தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தார். "எம்பொண்ணு அந்த மடிப் புள்ளைக்காகத்தாம்மா ஆசப்பட்டு எடுத்துச்சு. நாளைக்கே வேற ஒண்ணு..."

"மடிப் புள்ளைய அவங்களே பெத்துக்குவாங்க. நீங்க என்னாத்துக்கு வாங்கித் தரணும்?" என்றார் அந்த அம்மா. பெண்ணின் அப்பாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்துவிட்டது. அந்த அம்மா கணவரைப் பார்த்துச் சொன்னார்: "சாமி நம்ம சீருக்கு வந்தாச்சு. வந்த சாமியத் திருப்பி அனுப்பற வழக்கம் நம்ம வூட்டுல இல்ல. செருப்பக் கழட்டிட்டு வாங்க. அதுக்கு மொத சூடத்த நீங்களே காட்டுங்க."

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். அந்த அம்மா வாழை மரத்தைத் தாண்டும்வரை மாப்பிள்ளையின் அப்பா அசையவில்லை. பிறகு சிலையையும் அந்தச் சின்னக் கையையும் என்னிடம் கொடுத்தார். செருப்பை வேன் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே விட்டுவிட்டு, சுடுகிற தரையில் வெறுங்காலோடு உள்ளே போனார். வெற்றிலை போட்ட அந்தப் பங்காளி வாசலில் நின்றிருந்தார். அவர் தோளில் கை வைத்து, "கடைக்காரப் புள்ள மாத்திக் கட்டிருச்சாம்டா. சம்பந்தி மேல ஒண்ணும் இல்ல. நீ வெத்தலையத் துப்பிட்டு வா, சூடம் காட்டணும்" என்றார். இந்தத் தடவை கூட்டம் சிரித்தது அந்தப் பங்காளியைப் பார்த்து.

நான் உள்ளே போகவில்லை. பின்னமான சிலையோடு வேனிலேயே உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் உள்ளே மணிச் சத்தம் கேட்டது, நாதஸ்வரம் ஆரம்பித்தது. பெண்ணின் சித்தி ஒருவர் இலையில் சாப்பாடு மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். "பூ வெச்சு முடிச்சாச்சு, பொண்ணு உன்னக் கேட்டுச்சு" என்றார். என்னால் சாப்பிட முடியவில்லை. அழுகை வந்தது. துக்கத்தால் வந்தது இல்லை.

இதிலிருந்து நீங்கள் எதை எடுத்துக்கொள்வீர்கள் என்று எனக்குத் தெரியாது. நான் எடுத்துக்கொண்டதைச் சொல்கிறேன். அன்றிலிருந்து யாருக்கும் கேட்காமல் அர்த்தம் சொன்னதில்லை. இந்தச் சாமி வீட்டில் ஆகும், இது ஆகாது என்று நானாகச் சொன்னதில்லை. வேல் பிடித்துத் தனியாக நிற்கும் முருகன் வீட்டுக்கு ஆகாது என்று ஒருவர் சொல்வார். அடுத்தவர் அதையே தேடி வருவார். இரண்டு பேருக்கும் காரணம் உண்டு. முதலில், யார் வீட்டுக்குப் போகிறது, எதற்காகப் போகிறது என்று மட்டும் கேட்பேன். கேட்டுவிட்டுச் சும்மா இருப்பேன். அவர்கள் வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை, யார் வரவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறார்கள் என்பது தானாக வெளியே வரும். அதற்கு ஏற்ற குடும்பத்தை எடுத்து முன்னால் வைப்பேன். என் பிரிவிலிருந்து போன சிலையை மாற்ற வேண்டும் என்று அதற்குப் பிறகு யாரும் வந்ததில்லை. நல்லம்பள்ளியிலிருந்து அரூர் வரை எத்தனையோ வீடுகளில் நான் துலக்கி, நான் துணி சுற்றி அனுப்பிய சாமிகளுக்கு வெள்ளிக்கிழமை விளக்கு ஏற்றுகிறார்கள். அந்த வீடுகளில் பாதிப் பேருக்கு என் பெயர் தெரியாது. எனக்கு அதில் பெருமைதான். இதை வாய்விட்டுச் சொல்ல இத்தனை வருடம் கூச்சமாக இருந்தது. எழுதுவதால் சொல்லிவிட்டேன்.

அன்று இருட்டுவதற்குள் அதே வேன் என்னைக் கடையில் இறக்கிவிட்டது. முதலாளி, "என்னா சொன்ன?" என்று கேட்டார். "நடந்ததச் சொன்னேனுங்க" என்றேன். அதற்கு மேல் அவரும் கேட்கவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்குள் தாலி கட்டி முடித்துவிட்டார்கள் என்று வேன் டிரைவர் வந்து சொன்னார். முகூர்த்த நாள் என்பதால் கடையில் கூட்டம் அதிகம். எனக்கு மதியச் சாப்பாட்டுக்கு மூன்று மணி ஆகிவிட்டது.